நாற்பத்து நான்கு ராத்தல்

என் பெட்டியை முதலில் நிறுத்துப் பார்த்தது கொழுந்து நிறுக்கிற தராசில். அத்தை வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் வேறு தராசு கிடையாது.

ஒரு பயணிக்கு நாற்பத்து நான்கு ராத்தல் சாமான் என்று விமான டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. மதராசிலிருந்து வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு மெல்லிய வாயில் துணிப் புடவை, நாலு ரவிக்கை, பேச்சு எழுதிய ஒரு நோட்டு. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தவள் என்று பினாங்கில் ஒரு தமிழ்ச் சங்கம் எனக்குப் போக வர டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தது. தலைப்பு பெண் விடுதலை. மேடையில் ஆறு ஆண்கள் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு எனக்குப் பத்து நிமிடம் விட்டுவைத்தார்கள். ஏழாவது நிமிடத்தில் மணி அடித்தார்கள். அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன், இன்று எனக்குச் சிரிக்கத்தான் ஆசை.

பேச்சு முடிந்ததும் அப்பாவின் அக்காவைப் பார்க்கக் கேமரன் மலைக்கு ஏறினேன். அத்தையின் பெயர் அம்மாக்கண்ணு. அப்பாவும் ஒரு காலத்தில் அதே தோட்டத்தில் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். தேயிலை விலை விழுந்தபோது அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அத்தை தங்கிவிட்டாள். எங்கள் வம்சத்தில் கட்டைவிரலில் மை படாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். "பி.ஏ. வந்திருக்கு" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குழந்தைகள் வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், ரோட்டில் துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் கூடையோடு எங்கள் சனங்கள். மலை ரோட்டில் தனி வண்டி போகக் கூடாது, பட்டாள வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டும். தோட்டத்தில் தங்க எனக்குப் போலீஸ் கொடுத்த பாஸ் பத்து நாளைக்கு. பத்தாவது நாள் திங்கட்கிழமை. என் விமானமும் திங்கட்கிழமை.

ஊருக்குப் போகிறவள் கையில் பொட்டலம் கொடுக்காமல் விட்டால் அந்த லயத்துக்கே மானக்கேடு. இருபத்தாறு வீடு, இருபத்தாறு பொட்டலம். தைலப் புட்டி, கைலி, பேரனுக்குச் சட்டை, எலுமிச்சை ஊறுகாய், தேயிலைத் தூள். பக்கத்து வீட்டு ருக்குமணி தன் அண்ணன் பிள்ளைக்கு என்று நாலு டின் கெட்டிப் பால் கொடுத்தாள். டின் எதுவானாலும் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அப்போது சட்டம். ஓட்டை போட்ட டின் கெட்டுவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது என்று கணக்கு. ருக்குமணி அந்த ஓட்டைகளில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தாள்.

"ஏரோபிளேன்ல ஒரு நாள்தானே? கெடாது லா," என்றாள்.

"செக்போஸ்ட்ல புடுங்கிக்குவாங்க, அக்கா."

"நீ இங்கிலீசுல பேசு. புடுங்கமாட்டான்."

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கூடை நிறுத்து முடிந்ததும் என் பெட்டியைக் கொக்கியில் மாட்டினார்கள். கொழுந்துக் கொட்டகை உத்தரத்தில் தொங்கும் வில்தராசு அது, தட்டு மாதிரி முகம், ஒற்றை முள். கணக்கெழுதும் கிராணி சிங்காரம் பென்சிலைக் காதிலிருந்து உருவினார்.

"நாப்பத்தி நாலு. கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. நாப்பத்தி ஒண்ணு."

"கிராணி ஐயா, அது பெட்டி. நனையவும் இல்லை," என்றேன்.

"பழக்க தோசம்," என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அச்சடித்த மாதிரி நாற்பத்து நான்கு!

ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அதே கொக்கியில் அத்தையின் கூடை தொங்கியிருந்தது. முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு சிங்காரம் பென்சிலை நிறுத்தினார். "அம்மாக்கண்ணு, ஒரு ஆளுக்கு நாப்பது. நீ நாப்பதத் தொட்டு ரெண்டு வாரமாச்சு. வர்ற சனிக்கெழமைக்குள்ள தொடலைன்னா பேரு வெட்டு. நான் சொல்லலை, துரை உத்தரவு."

பேர் வெட்டினால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். அத்தைக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த வருஷங்களில் மலாயாவில் முகவரி இல்லாத ஒரு பெண்பிள்ளை ஒரு செக்போஸ்டைக்கூடத் தாண்ட முடியாது.

எனக்கு உச்சியில் சூடேறியது. அத்தை என் கையைப் பிடித்து நசுக்கினாள். லயத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வாயத் தொறந்துராதே, மணி. முனியாண்டி ரெண்டாவது தண்ணிக்கொழா வேணும்னு பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனான். காட்டுக்காரனுக்குக் கூட்டாளின்னு சொல்லி லோரியில ஏத்துனாங்க. இப்ப எங்க இருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியலை."

"உன் கூடை ததும்பிக்கிட்டு இருந்துச்சே, அத்தே! நானே பார்த்தேனே!"

"பாக்க அப்படித்தான் இருக்கும். என் கை ஓஞ்சு போச்சு, அவ்வளவுதான்." கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். யாரோ இரவல் கொடுத்த கைகள் போல.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். தோட்டத்து லோரியில் என்னை வழியனுப்ப அத்தையும் ருக்குமணியும் பிரிஞ்சாங் வரைக்கும் வந்தார்கள். ஷஹாபுதீன் பாய் கடைக்கு முன்னால்தான் வண்டிகள் வரிசை கட்டும். பாய் மொத்தமாகக் காய்கறி வாங்கிக் கீழே அனுப்புகிறவர். முன்பக்கம் பரோட்டாக் கடை, பின்பக்கம் முட்டைக்கோஸ் மலை. என் கடிதங்கள் அவர் கடை முகவரிக்குத்தான் வரும்.

நாங்கள் லோரியிலிருந்து இறங்கியதும் பாய் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி ரம்லா எதிரே வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அதுவரைக்கும் அந்த அம்மாளிடம் நான் பேசியதெல்லாம் "ஒரு டீ" என்பது மட்டும்.

"மொதல்ல உக்காருங்க தாயி," என்றார் பாய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அல்லா குடுக்குறான், அல்லா எடுத்துக்குறான். நம்ம கையில என்னா இருக்கு?"

மேசையில் ஒரு தந்தி, மேலே பாரமாக ஒரு சர்பத் கிளாஸ்.

நேற்று மத்தியானம் வந்ததாம். இங்கிலீஷ். பாய்க்குப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்து அந்த ஊரில் தமிழ் ஆள் பேருக்கு வந்த தந்தி எல்லாம் ஒரே சேதிதான் கொண்டுவந்திருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி முழுக்க, இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

நான் உறையைக் கிழிக்கக்கூட இல்லை. அத்தை தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யோ தம்பி! கடைசியா மொகத்தக் காட்டாமப் போயிட்டியே! ஒரு தந்தியில போயிட்டியே!" ருக்குமணி உடனே தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஜோடி சேர்ந்தாள். பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார். பக்கத்துக் கடைச் சீனர் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார்.

பிரித்துப் படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

"திங்கட்கிழமை விமானம் ரத்து. இயந்திரக் கோளாறு. அடுத்த விமானம் வியாழன். சாமான் நாற்பத்து நான்கு ராத்தல், கண்டிப்பு. வருந்துகிறோம்."

அத்தையின் கை மாருக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றது. "யாரு வருந்துறா?"

"ஏரோபிளேன் கம்பெனி."

"அப்ப தம்பி?"

"அப்பா நல்லாத்தான் இருக்கார், அத்தே. இன்ஜின்தான் போயிடுச்சு."

"எவ்வளவு அழுதுட்டேன்!" என்று அத்தை பாயை முறைத்தாள். "ஒரு இன்ஜினுக்கா இவ்வளவும்?"

பாய்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க. அப்புறம் ரம்லா, ருக்குமணி, பரோட்டாக்காரர். விஷயம் புரியாமலே சீனரும் சிரித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். சிரித்து முடித்த பிறகுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. கையில் இருந்த பணம் எட்டு வெள்ளி. பாஸ் நாளையோடு முடிகிறது. கடல் தாண்டி வந்திருக்கிறேன், ஒற்றை ஆள், போக விமானம் இல்லை, இருக்க அனுமதி இல்லை.

"இந்த நாட்டில் நான் தனியா மாட்டிக்கிட்டேனே," என்று சொல்லியும் விட்டேன், அழுகை முட்டிக்கொண்டு.

"தனியாவா?" ருக்குமணி கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்கப்பன் சாகாததுக்கே நாலு பேரு அழுதோம். இன்னும் என்னா ஆளு வேணும் ஒனக்கு?"

பாய் சர்பத்தை என் பக்கம் தள்ளினார். "பாசுக்கு ஒரு வழிதான். துரைகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு ஸ்டேசனுக்குப் போங்க, நாலு நாளு நீட்டித் தருவான். ஆமா, கண்டிப்புன்னு போட்டிருக்கானே, எடை சரியாப் பாத்தீங்களா?"

"தோட்டத்துத் தராசில் பார்த்தாச்சு. சரியா நாற்பத்து நான்கு."

அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் கோஸ் மூட்டை தூக்கிய கை அது. "இதுவா நாப்பத்தி நாலு?" என்று பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தன் மேடைத் தராசில் வைத்தார். குண்டை நகர்த்தி, தட்டி, குனிந்து பார்த்தார்.

"அம்பத்தி நாலு."

"உங்க தராசு தப்பு, பாய்," என்றேன். யோசிக்கவே இல்லை. வியாபாரி தராசு என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

சிரித்த முகம் சுருங்கிவிட்டது. "என்னா வேணும்னாலும் சொல்லுங்க தாயி, என் தராசச் சொல்லாதீங்க." உள்ளே போய், ஆலையில் தைத்து எடை அச்சிட்ட சீனி மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். இருபத்தெட்டு ராத்தல் என்று மூட்டையில் இருந்தது. தராசும் இருபத்தெட்டு என்றது. அதை இறக்கிவிட்டு ஒரு பிஸ்கட் பெட்டி. பத்து என்று போட்டிருந்தது, பத்துதான் நின்றது. இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ருக்குமணி மெதுவாகக் கேட்டாள். "அப்ப நம்ம தராசு?"

அவளே விரலை மடக்கி யோசித்தாள்.

"பெருமழைக்கு அப்புறம் கிராணி அதக் கழட்டிக் கீழ தாப்பா டவுனுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனாருல்ல? அதுலேர்ந்துதானே எனக்கு அம்பத்திரண்டு நாப்பத்திரண்டாச்சு? செடிக்கு வயசாயிடுச்சின்னாரே!"

எண்கள் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. ஐம்பத்து நான்கை நாற்பத்து நான்காகக் காட்டுகிற முள்ளில், அத்தையின் முப்பத்தெட்டு உண்மையில் எவ்வளவு? சீனி மூட்டையின் மேல் விரலால் கணக்குப் போட்டேன்.

"அத்தே, உன் முப்பத்தெட்டு முப்பத்தெட்டே இல்லை. நாற்பத்தேழு."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். "அப்ப என் கை ஓயலையா?"

"ஓயலை."

"ஒழுங்காத்தான் பறிச்சிருக்கேனா?"

"ஒழுங்காத்தான் பறிச்சிருக்கே!"

திடீரென்று எழுந்து பாயின் பரோட்டா மாவில் ஓர் உருண்டையைப் பிடுங்கி, பிசை பிசை என்று பிசைந்தாள். தன் கைகளின் பலத்தைப் பார்த்துத் தானே சிரித்தாள். அவளோடு சேர்ந்து ருக்குமணியும் ஓர் உருண்டையை எடுத்தாள். "ஏய், அது யாவாரத்துக்குள்ள மாவு!" என்று பாய் கத்தினார். பத்து நாளில் அத்தை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. "யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது," என்றாள் அத்தை. "தராசு தப்புன்னு வாயெடுத்தா முனியாண்டி போன லோரிதான்."

"நீங்க யாரும் கேக்க வேண்டாம். நானும் கேக்கப் போறதில்லை," என்றேன். "என் விமானம் ரத்து. என் பெட்டிக்கு ரெண்டு எடை. எந்த எடை சரின்னு தெரியாம நான் எப்படிப் போறது? ஒரு பிரயாணி இதைக்கூடக் கேக்கக் கூடாதா?"

பாய் தாடியைத் தடவினார். "பி.ஏ.ன்னா சும்மாவா!"

அன்று சாயங்காலம் லயத்தில் ருக்குமணியின் புருஷன் கந்தன் இன்னொரு சேதி சொன்னான். அவன் துரை பங்களாவில் சமையல்காரன். துரையை டாக்டர் இளைக்கச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமைதோறும் துரை கிளப்பில் இருக்கும் எடை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாராம். "நேத்தும் நூத்தி எம்பத்திரண்டுதான். வந்ததுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு. துக்கத்துல அரை கேக்கு சாப்புட்டாரு," என்றான்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்!

திங்கட்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வெளியே அறுபது கூடை வரிசையில் நின்றது. துரை இடுப்பில் பிஸ்டலோடு, பின்னால் துப்பாக்கி பிடித்த ஒரு காவலாளோடு, ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிவந்து பருத்த ஆள். தோட்டத் தமிழ் கொஞ்சம் பேசுவார். நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னதும் நின்றுவிட்டார். தந்தியைக் காட்டினேன், பாஸ் விஷயம் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஜீப்பின் மேலேயே காகிதத்தை வைத்து ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காட்டு ரோட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து போவதாவது என்று ஆச்சரியப்பட்டார்.

"உங்களுக்கு இன்னும் ஏதாவது உதவி வேண்டுமா?"

"ஒரு சின்ன விஷயம், சார். நாற்பத்து நான்கு ராத்தலுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். உங்கள் தராசு என் பெட்டியை நாற்பத்து நான்கு என்றது. பிரிஞ்சாங் கடைத் தராசு ஐம்பத்து நான்கு என்கிறது."

"கடைக்காரனா?" துரை சிரித்தார். "அவனுடைய தராசு அப்படித்தான் சொல்லும்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் தராசைத்தான் நம்புகிறேன். விமானக் கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்தால் தோட்டத்தின் பெயரைச் சொல்லலாமா?"

"தாராளமாக."

"நன்றி, சார். எடை சந்தேகமில்லாமல் தெரிந்த பொருள் ஒன்று இங்கே இருந்தால் இப்போதே மாட்டிப் பார்த்துவிடலாம். மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இங்கே இருக்காதுதான்."

சிங்காரத்தின் பென்சில் காதிலிருந்து விழுந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியும். "சார், கொழுந்து வாடிப்போயிடும்—"

துரை சுற்றிலும் பார்த்தார். கூடைகள், சாக்குகள், பெண்கள். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"இருக்கிறது," என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முகம் மலர்ந்து. "நூற்று எண்பத்திரண்டு. சனிக்கிழமை பார்த்தது. அந்தக் கடைக்காரனுக்கு ஒரு பாடம் கற்பிப்போம்!"

பிஸ்டலைக் காவலாளிடம் கழற்றிக் கொடுத்தார். கொழுந்துச் சாக்கு இரண்டை முடிந்து தூளி மாதிரி கட்டச் சொன்னார். ருக்குமணியும் இன்னும் மூன்று பெண்களும் கட்டினார்கள். துரை அதற்குள் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, கொக்கிச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏலேலோ சொல்லாத குறைதான், ஆறு பேர் தூக்கி மாட்டினார்கள். உத்தரம் கிறீச்சிட்டது. துரையின் பூட்ஸ் தரையை விட்டு எழும்பியது. மெதுவாகச் சுற்றினார், ஒரு தடவை கிழக்கே பார்த்து, ஒரு தடவை மேற்கே பார்த்து.

அறுபது பெண்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முள் நடுங்கி நடுங்கி நின்றது.

"நூற்று நாற்பத்தெட்டு," என்றேன்.

துரையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "நூற்று நாற்பத்தெட்டா! நிச்சயமாகவா?" கழுத்தை வளைத்துத் தானே பார்த்தார். "அடேயப்பா! நூற்று நாற்பத்தெட்டு! சனிக்கிழமையிலிருந்து முப்பத்து நான்கு ராத்தல்..."

அங்கேதான் சுற்றுவது நின்றது. சிரிப்பும் நின்றது. சாக்குக்குள் உட்கார்ந்தபடியே அவர் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது.

அந்த அமைதியில், தனக்குத்தானே சொல்வது போல ருக்குமணி சொன்னாள்: "கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சா இன்னும் இளைச்சிருவாரு லா."

அவ்வளவுதான். அறுபது வாயும் ஒரே நேரத்தில் உடைந்தன. முந்தானையைக் கடித்தார்கள், கூடையின் மேல் கவிழ்ந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார்கள். துப்பாக்கிக்காரனும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. நான் என் பெட்டியின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். புகார் இல்லை, கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. சிரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

துரை சாக்குக்குள்ளிருந்து தோட்டத் தமிழில் கேட்டார், மிகவும் மெதுவாக: "சிங்காரம். மீதி துரை எங்கே?"

சிங்காரம் குனிந்து பென்சிலைத் தேடினார். "ஸ்பிரிங்கு, சார். ரிப்பேர்க்காரன் போட்ட ஸ்பிரிங்கு..."

"என்னை இறக்கு."

இறக்கத்தான் முடியவில்லை. முடிச்சு இறுகிவிட்டது. மாட்டும்போது இருந்த பலம் சிரித்து ஓய்ந்த பெண்களிடம் இல்லை. கடைசியில் அத்தைதான் முன்னால் வந்தாள். நாற்பத்தேழு ராத்தல் பறிக்கிற கையால் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். துரை தொப்பென்று கொழுந்துக் குவியலில் உட்கார்ந்தார். எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜீப்பை அனுப்பி பாக்டரியிலிருந்து மேடைத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அன்றைய அறுபது கூடையையும் தானே நின்று நிறுத்தார்.

அத்தையின் முறை வந்தது. துரை குண்டை நகர்த்தினார். "அம்மாக்கண்ணு. அம்பது. கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. நாப்பத்தேழு."

அத்தை நகரவில்லை. என் காதில் கிசுகிசுத்தாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

சொல்லச் சொன்னேன். துரை சொன்னார். நாப்பத்தேழு. பேரேட்டில் அத்தை பேருக்கு நேரே சிங்காரம் எழுதியிருந்த எச்சரிக்கையைத் தானே அடித்துவிட்டு, அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

கிராணியை உர ஸ்டோருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வேலை போகவில்லை. பாக்டரியில் இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், பாக்டரிக் கிராணி சிங்காரத்தின் மச்சான். அத்தனை மாதமாக முள்ளுக்குப் பின்னால் போன கொழுந்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. முனியாண்டியும் திரும்பி வரவில்லை. துரை நல்லவர் என்று லயத்தில் சிலர் சொன்னார்கள். தன் எடை குறைந்தபோதுதான் அவருக்குக் கண் தெரிந்தது என்றேன் நான். "சரி சரி, நீ சாப்புடு," என்றாள் அத்தை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் என் பெட்டியை மறுபடியும் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். மறுநாள் காலை வண்டி வரிசையில் நான் இறங்க வேண்டும். மேடைத் தராசு கூச்சமில்லாமல் ஐம்பத்து நான்கு என்றது. நேர்மையான தராசு வந்த தோட்டத்தில் என் தலையில் பத்து ராத்தல்!

"பத்தக் கழி," என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் கெட்டிப் பால். ஒரு டின்னில் மெழுகு விட்டுப்போய் என் புடவை ஒன்று முழுக்க வழிந்திருந்தது. நாலு டின்னும் கைமாறி, கைமாறி, ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சப்பட்டன. ருக்குமணி தன் அண்ணன் பிள்ளை பெயரைச் சொல்லிச் சொல்லிக் குடித்தாள். ஊறுகாயை வெறும் வாயில் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். கைலி மூன்றை என் இடுப்பில் சுற்றினார்கள், அதன் மேல் பால் படாத புடவை, அதன் மேல் அத்தையின் கம்பளிச் சட்டை. பேரன்மார் சட்டைகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். நான் உருண்டேன். பெட்டி நாற்பத்து நான்கு.

"ஏரோபிளேன்ல ஆள நிறுப்பாங்களா?" என்று ருக்குமணி கேட்டாள்.

"நிறுத்தா நிறுக்கட்டும். நான் இப்படித்தான் பொறந்தேன்னு சொல்லிருவேன்."

பெட்டியை இறக்கி வைத்தேன். தராசு காலியாக இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பில்லாத காலை ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் வைத்து, ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இருபத்தெட்டு வருஷம் கூடையை நிறுத்தார்கள், அவளை யாரும் நிறுத்ததில்லை.

குண்டை நான்தான் நகர்த்தினேன். "எண்பத்தொன்பது, அத்தே."

"கூடைக்கு ரெண்டு கழிச்சியா?"

"இல்லை."

"ஈரத்துக்கு?"

அவள் கன்னத்தைப் பார்த்தேன். என் கன்னத்தையும் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் கழிக்கலை, அத்தே. முழுசா நீதான்."